கம்போஸ்ட்டும் கம்போஸ்ட் டீயும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் தோட்டத்து மண்ணை மாற்றியது கம்போஸ்ட் எனும் மட்கிய உரம்தான், அதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சத்தையும் நுண்ணுயிர்களையும் இறக்கிய கம்போஸ்ட் டீ இல்லை. இரண்டையும் சில வருடங்களாகச் சேர்த்துப் பயன்படுத்தியதில் இதை உறுதியாகச் சொல்வேன்.

என்னுடையது களிமண். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பு. ஒவ்வொரு பருவத்திலும் நடவுக்கு முன் இரண்டு விரல் கனத்துக்கு மட்கிய உரத்தைப் பரப்பி, மேலே சருகு மூடாக்குப் போடுகிறேன். கொத்திக் கலப்பதில்லை, மண்புழுக்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முதல் பருவத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, பொறுமை வேண்டும். அப்புறம் தண்ணீர் தேங்காமல் இறங்க ஆரம்பித்தது. இப்போது மண் கையில் பொலபொலவென்று உதிர்கிறது. மட்கைத் தின்று வளரும் நுண்ணுயிர்களின் பசையும் பூஞ்சை இழைகளும் மண் துகள்களைச் சிறு உருண்டைகளாகப் பிணைக்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள துளைகளில்தான் காற்றும் நீரும் புழங்குகின்றன. எந்த ரசாயன உரமும் எனக்கு இதைத் தரவில்லை.

கம்போஸ்ட் குவியலில் உலர்ந்த சருகு அதிகமாகவும் பச்சைக் கழிவு குறைவாகவும் போடுவேன். கார்பன் (சருகில் அதிகம்), நைட்ரஜன் (பச்சைக் கழிவில் அதிகம்) விகிதம் 25–30க்கு 1 என்ற அளவில் இருந்தால் நன்றாகச் சூடேறும். உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான களை விதைகள் செத்துவிடும். பாதி மட்கியதை மண்ணில் கலக்காதீர்கள். அது மட்கி முடிக்க மண்ணிலுள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

சரி, டீ. குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, துணிப்பையில் கட்டிய கம்போஸ்ட்டை அதில் தொங்கவிட்டு, மீன் தொட்டி ஏர் பம்ப்பை ஒரு நாள் ஓடவிடுகிறேன். பம்ப்பை நிறுத்திய சில மணி நேரத்தில் ஊற்றிவிட வேண்டும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுவேன். வெல்லப்பாகு சேர்ப்பதை விட்டுவிட்டேன், அது ஈ.கோலை போன்ற கிருமிகளையும் பெருக்கக்கூடும். பச்சையாகத் தின்னும் கீரைமேல் டீயைத் தெளிப்பதே இல்லை.

தொட்டிச் செடிகளும் நாற்றுகளும் டீ ஊற்றினால் சீக்கிரம் பசுமையாகின்றன, கரைந்த சத்து உடனே கிடைப்பதால். இலை நோய் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. அதுபற்றிய ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. வெறும் மண்ணில் டீயை மட்டும் ஊற்றுவது வீண் உழைப்பு. அந்த நுண்ணுயிர்கள் பிழைக்க அங்கே உணவு வேண்டுமே!

கம்போஸ்ட்டும் அளவு மீறினால் மண்ணில் பாஸ்பரஸ் சேர்ந்துகொண்டே போகும். அதனால் இப்போதெல்லாம் மண் பரிசோதனை முடிவைப் பார்த்தபிறகே அடுத்த சுற்றுப் போடுகிறேன்.