புதிய ஸ்டிக்கருக்குள் பழைய சிலிண்டர்: பிள்ளைக்கு முதல் ஏர் பிஸ்டல் வாங்கப் போகும் பெற்றோருக்கு

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து என் மகளுக்கு நான் வாங்கித் தந்த ஏர் பிஸ்டலை, அவள் கலந்துகொள்ளவிருந்த முதல் போட்டியின் உபகரணச் சோதனை மேசையிலேயே மூன்று குறைகளைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றுகூட அவளுடைய தவறால் நேர்ந்ததில்லை. மூன்றையும் அறிந்தே விற்றவர் அவளுடைய பயிற்சியாளர். அவருடைய பெயரையோ அகாடமியின் பெயரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. விஷயம் இப்போது புகாராக இருக்கிறது. ஆனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன், ஏனெனில் அதே கைத்துப்பாக்கியை இன்னொரு குழந்தைக்கு விற்றுத் தருவதாகச் சென்ற வாரம் அவரே என்னிடம் சொன்னார்.

2024 ஜூலை இறுதியில் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வென்று, இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வென்றபோது, பதின்மூன்று வயதான என் மகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. ஆகஸ்டில் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் அகாடமியில் சேர்த்தேன். நாங்கள் சேர்ந்த வாரத்தில் மட்டும் எங்களைப் போலவே ஏழெட்டுக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாத, கையில் பணமும் கண்ணில் ஆசையும் வைத்திருந்த பெற்றோர்கள் நாங்கள். இப்போது நினைத்தால், எங்களைவிட நல்ல வாடிக்கையாளர்கள் அவருக்கு வாய்த்திருக்க முடியாது.

முதல் சில வாரங்கள் அகாடமியின் பொதுத் துப்பாக்கியில் பயிற்சி நடந்தது. மூன்றாவது வாரமே பேச்சு தொடங்கிவிட்டது. "சொந்த பிஸ்டல் இல்லாம ஸ்கோர் ஏறாது மேடம், பாப்பாகிட்ட திறமை இருக்கு, நீங்கதான் லேட் பண்றீங்க" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வார். புதியது வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும், இறக்குமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் தனக்குத் தெரிந்த ஒரு சீனியர் வீரர் இரண்டே ஆண்டுகள் பயன்படுத்திய ஆஸ்திரியத் தயாரிப்பு ஒன்று கைவசம் இருக்கிறது, அதை வேறு யாராவது கேட்பதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். அக்டோபரில் 1,32,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அதற்கு மேல் "லைசென்ஸ் பேப்பர் மாற்றுவதற்கு" என்று 8,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார். பணத்தைத் தன் மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். பில் கேட்டதற்கு, பழைய பொருளுக்கு யாரும் பில் போடுவதில்லை என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த 8,000 ரூபாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சிறிய தொகை என்றாலும் மிகச் சுத்தமான பொய் அதுதான். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலில் அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஈயக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் சுமார் 6 ஜூல்தான் வரும். அதாவது இல்லாத உரிமத்தை மாற்றுவதற்கு நான் கட்டணம் செலுத்தியிருக்கிறேன். அடையாளச் சான்றின் நகலைக் கேட்பது வேறு, அது முறையானது. "பேப்பர் செலவு" என்று ஒருவர் பணம் கேட்டால் எந்த பேப்பர் என்று கேளுங்கள்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த நாளில் என் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். பிடியில்தான் முதல் சங்கடம் தெரிந்தது. இந்தக் கைத்துப்பாக்கிகளின் மரப்பிடி சட்டை மாதிரி அளவு பார்த்து வருவது. மிகச் சிறிய கையிலிருந்து பெரிய கை வரை தனித்தனி அளவுகள் உண்டு, வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறு வேறு. எங்களுக்கு வந்தது வளர்ந்த ஆணின் கைக்கான பெரிய அளவு. அவளுடைய ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி விசையில் படிய வேண்டிய இடத்தில், விரல் நுனி மட்டும் எட்டியும் எட்டாமலும் நின்றது. பயிற்சியாளர் இதற்கும் பதில் வைத்திருந்தார்: எல்லா வீரர்களும் பிடியை அரம் போட்டுத் தேய்த்து, மரப்பசை பூசித் தங்கள் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்வார்கள். அது உண்மைதான், பெரிய வீரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். உண்மையான ஒன்றைச் சொல்லித்தான் அவர் எங்களை வளைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவரே உட்கார்ந்து பிடியைத் தேய்த்தார், கீழே உள்ளங்கை தாங்கும் பகுதியைப் பசை வைத்து உயர்த்தினார். பின்னால் நான் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பிடியைத் தேய்த்துவிட்டீர்களே, இனி யார் வாங்குவார்கள்?" என்று கேட்டவரும் அவரேதான்.

இனி சிலிண்டருக்கு வருகிறேன். இன்றைய போட்டி ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலும் அழுத்தப்பட்ட காற்றில் இயங்குபவை. குழலுக்கு அடியில் இருக்கும் சிறு சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்பப்படுகிறது. ஒரு காரின் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல் என்று எண்ணிப் பார்த்தால், முகத்திலிருந்து ஒரு கை நீளத்தில் என்ன இருக்கிறது என்பது விளங்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சிலிண்டரிலும் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பொறிக்கிறார்கள், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். சிலிண்டர் காலாவதியாகாமல் இருப்பதை உறுதி செய்வது வீரரின் பொறுப்பு என்று பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதியும் சொல்கிறது. இதில் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எங்கள் சிலிண்டரின் மேல் அகாடமியின் பெயர் அச்சிட்ட பளபளப்பான ஸ்டிக்கர் ஒன்று சுற்றி ஒட்டப்பட்டிருந்தது; அழகாக இருக்கிறது என்று என் மகள் அதைப் படம் பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள்.

நவம்பரிலிருந்து அவளுடைய மதிப்பெண்கள் ஒரு விசித்திரமான முறையில் விழத் தொடங்கின. முதல் முப்பது நாற்பது குண்டுகள் ஒழுங்காகப் போகும்; அதன்பின் ஒவ்வொன்றும் இலக்கின் கீழ்ப்பக்கம் இறங்கும். பத்து மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளிக்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலம்தான், சட்டைப் பொத்தான் அளவு. அதில் இரண்டு வட்டம் தாழ்ந்தால் எட்டு. மாலையில் 200 பார் காட்டும் அளவுமானி மறுநாள் காலை 140 காட்டியதை நான்தான் முதலில் கவனித்தேன். கேட்டதற்கு, "ரப்பர் வளையம் செட் ஆகணும் மேடம்" என்றார். தாழ்ந்து போகும் குண்டுகளுக்கு அவர் சொன்ன காரணம் வேறு: பாப்பா விசையை வெடுக்கென்று இழுக்கிறாள், மணிக்கட்டைத் தளரவிடுகிறாள், மனம் ஒரு நிலையில் இல்லை. மூன்று மாதம் அந்தக் குழந்தை தன் மணிக்கட்டைக் குறை சொல்லிக்கொண்டு, படுக்கப் போகுமுன் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். காற்று கசிந்து அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் குண்டின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் குண்டு தாழும் என்ற எளிய இயற்பியல், துப்பாக்கியை விற்ற மனிதருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. பணத்தைக்கூட நான் ஒரு நாள் மறந்துவிடுவேன். இதை மறக்க மாட்டேன்.

2025 பிப்ரவரியில் அவளுடைய முதல் போட்டி வந்தது. போட்டிக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு மேசையில் சோதிப்பார்கள். 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அது அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது, இவ்விரண்டிலும் தேறியது. அடுத்து குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கினார்கள். விசை அந்த எடையைத் தாங்க வேண்டும். எங்களுடையது தூக்கிய கணமே விடுபட்டது. மீண்டும் தூக்கினார்கள், மீண்டும் விடுபட்டது. அக்டோபரில் அகாடமியில் அதை அழுத்திப் பார்த்த என் மகள் "வெண்ணெய் மாதிரி இருக்கும்மா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. விற்பதற்கு முன் விசையை விதிக்குக் கீழே இளக்கி வைத்தால் தொடக்க நிலையில் உள்ள எவருக்கும் அது அருமையான துப்பாக்கியாகவே தோன்றும். பிறகு பிடியைப் பார்த்தார்கள்: உள்ளங்கை தாங்கும் பகுதி பசையால் மேல்நோக்கி வளைக்கப்பட்டிருந்தது, அது அனுமதிக்கப்பட்டதல்ல. மேசையில் இருந்த அதிகாரி வயதானவர், பொறுமையானவர்; விசையைத் திருகாணியில் சரிசெய்துவிடலாம், பிடியை இங்கேயே தேய்த்துவிடலாம், கவலைப்படாதே அம்மா என்று மகளிடம் சொல்லிக்கொண்டே சிலிண்டரின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் 2011 என்று பொறித்திருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை, துப்பாக்கியை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

இரண்டு ஆண்டுகள் பழையது என்று சொல்லப்பட்டது பதினான்கு ஆண்டுகள் பழையது. துப்பாக்கியின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்டேன். நான்கு நாளில் பதில் வந்தது, அதுவும் 2011தான். ஒரு வரி மின்னஞ்சல். அதை அக்டோபரில் அனுப்பியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. புதிய சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு இறக்குமதியாளர் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் சொன்னார். ரப்பர் வளையங்களை மாற்றும் செலவு தனி.

அதன் பிறகு வேறொரு கிளப்பில், எதையும் விற்காத ஒரு மூத்த வீராங்கனையிடம் மகளைச் சேர்த்தேன். அவர் முதல் நாளே செய்த சோதனை ஒன்றை இங்கே குறித்து வைக்கிறேன். பிள்ளை துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக் கையை இலக்கை நோக்கி உயர்த்த வேண்டும். ஓரிரு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கும்போது குறிபார்க்க உதவும் முன்சைட்டும் பின்சைட்டும் ஏறக்குறைய நேராக அமைந்திருந்தால் பிடி அந்தக் கைக்கு உரியது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால், எவ்வளவு புகழ்பெற்ற பெயர் பொறித்திருந்தாலும் அது வேறொருவருடைய துப்பாக்கி. என் மகளுக்கு ஐந்து முறையும் முன்சைட் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மொரினி, ஸ்டேயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்தினி ஆகிய எதை வாங்கினாலும் தொடக்க நிலையில் மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இராது, பிடியின் அளவில்தான் இருக்கும் என்பது அவர் கருத்து. வளரும் பிள்ளைகளுக்கு, 900 கிராமுக்கும் குறைவான எடையுள்ள ஹேமர்லி ஏபி 20 போன்றவை உண்டு. குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் ஒவ்வொரு குண்டுக்கும் காற்றடைத்துச் சுடும் பழைய ரஷ்யத் துப்பாக்கிகளும் கிளப்புகளில் கிடக்கும். அவற்றுக்குச் சிலிண்டரே கிடையாது, காலாவதியும் கிடையாது, கை வலிக்கும் என்பதுதான் குறை. ஆறு மாதமாவது கிளப் துப்பாக்கியில் சுடட்டும், அதற்குள் கையும் வளர்ந்துவிடும் என்றார். 2021இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கருடைய துப்பாக்கியே பழுதாகி நிமிடங்கள் வீணாயின. பழுது எவருக்கும் வரலாம், பழுதை மறைத்து விற்பதுதான் வேறு சங்கதி என்று அவர் சொன்னபோதுதான் என் மகள் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

பழைய துப்பாக்கி வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை; எங்கள் வருமானத்தில் அடுத்ததும் பழையதாகத்தான் இருக்கும். ஆனால் சிலிண்டரில் உள்ள எந்த ஸ்டிக்கரையும் உரித்துப் பார்க்காமல், 200 பார் நிரப்பி ஒரு இரவு வைத்து மறுநாள் அளவுமானியைப் பார்க்காமல், 500 கிராம் எடையை விசையில் தொங்கவிட்டுப் பார்க்காமல், சீரியல் எண் எழுதிய பில் வாங்காமல் இனி ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன். இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு விற்பவர் தயங்கினாலே எழுந்து வந்துவிடுவேன்.

பில் இல்லாததால் என் புகார் பலவீனமானதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசியபோது, பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளும் வாட்ஸ்அப் உரையாடல்களும் சான்றாக உதவும் என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. "ரெண்டு வருஷம்தான் யூஸ் ஆனது மேடம், புதுசு மாதிரி" என்ற பழைய பயிற்சியாளருடைய குரல் பதிவை நான் அழிக்காமல் வைத்திருந்தது தற்செயல்.

புகார் பற்றி அவருக்கு அறிவிப்பு அனுப்பிய பிறகுதான் சென்ற வாரம் அவர் அழைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான், கை கொஞ்சம் பெரியது, பிடி அவனுக்குச் சரியாக இருக்கும், 90,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன், நீங்கள் புகாரை விட்டுவிடுங்கள் என்றார். ஸ்டிக்கரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்தப் பையனின் பெற்றோர் யாரென்று எனக்குத் தெரியாது. துப்பாக்கி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. காற்றை முழுவதும் வெளியேற்றி, சிலிண்டரைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன், பொறித்த ஆண்டு வெளியே தெரியும்படி.