கூரைமேல் ஒரு பெட்டி: வயர்லெஸ் பிராட்பேண்டுடன் நீண்ட நாள் பழகியதில் தெரிந்தவை

ஃபைபர் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வீட்டுக்கும் அதன் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறு அலுவலகத்துக்கும் 5ஜி டவரிலிருந்து வரும் நிலையான வயர்லெஸ் இணைப்புதான் ஓடுகிறது. பிளானில் போட்டிருக்கும் வேகத்தை நான் இப்போது பார்ப்பதே இல்லை. சிக்னலை வாங்கும் ரிசீவர் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு அந்த டவரில் எவ்வளவு கூட்டம், இந்த இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

முதலில் மாட்டும் இடம். ஜன்னலோரம் வைக்கும் பெட்டியை விட வெளியே கூரையில் மாட்டும் பெட்டிதான் மேல். சுவரும், வெப்பத்தைத் தடுக்கப் பூச்சு பூசிய கண்ணாடியும் சிக்னலை நிறையவே விழுங்கிவிடும். ரௌட்டரில் எரியும் சிக்னல் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். அதன் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைச் சொல்லும்: மைனஸ் 80 டிபிஎம் நல்லது, மைனஸ் 110 மோசம். பின்னது சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதைச் சொல்லும். 20 டெசிபலுக்கு மேல் இருந்தால் பிரமாதம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் திண்டாட்டம்தான். எங்கள் பக்கத்து டவர் பலமாகவே கிடைக்கிறது, ஆனால் வேறு டவர்களின் இரைச்சலும் சேர்ந்து வருகிறது. பெட்டியைத் தூரத்து டவர் பக்கம் திருப்பினோம். கோடு ஒன்று குறைந்தது, வேகம் கூடியது! மாட்ட வந்த பையனுக்கே ஆச்சரியம்.

நேர்ப்பார்வை என்பது டவர் கண்ணுக்குத் தெரிவது மட்டும் இல்லை. அலை போகும் பாதையைச் சுற்றிலும் இடம் வேண்டும். 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 1 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுப்பகுதியில் அந்த இடத்தின் ஆரம் சுமார் 4.6 மீட்டர். ஒரு மரக்கிளை அதற்குள் நீட்டிக்கொண்டிருந்தாலே வித்தியாசம் தெரியும், இலைகள் நனைந்திருந்தால் இன்னும் மோசம். இந்த அலைவரிசையில் மழையால் மட்டும் பெரிய தொல்லை வராது. 26, 28 கிகாஹெர்ட்ஸில் ஓடும், மில்லிமீட்டர் அலை எனப்படும் உயர் அலைவரிசை என்றால் கனமழையே போதும், இணைப்பு தடுமாறும்.

சாயங்காலம் தனிக் கதை. டவரின் கொள்ளளவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். காலையில் சிட்டாகப் பறக்கும் இணைப்பு, ராத்திரி வீடியோ அழைப்பில் முகத்தை உறைய வைக்கும். அப்லோடு எப்போதுமே குறைவு. இந்த வகை 5ஜி ஒரே அலைவரிசையில் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது, அதில் பெரும்பங்கு டவுன்லோடுக்குப் போய்விடும். அதனால் அலுவலக பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டேன். ரௌட்டரில் எஸ்க்யூஎம் (டேட்டா வரிசையில் நெரிசல் சேராமல் பார்த்துக்கொள்ளும் வசதி) போட்டு, அப்லோடு வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வரம்பு வைத்ததும் அழைப்புகள் தெளிந்தன. ஆனால் இணைப்பின் வேகமே ஏறி இறங்குவதால் அந்த வரம்பை அவ்வப்போது பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இது கொஞ்சம் அலுப்பான வேலைதான்.

தொழிலுக்கு வாங்குபவர்கள் சிஜிநாட் பற்றி, அதாவது ஒரே இணைய முகவரியை நிறுவனம் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். ரௌட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க ரௌட்டரில் போர்ட் (உள்ளே வரும் வழி) திறந்து பயனில்லை. தனிப் பொது ஐபி முகவரி கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஐபிவி6 எனும் புதிய வகை முகவரி, அதுவும் இல்லையென்றால் உள்ளிருந்து வெளியே போகும் விபிஎன் எனும் தனிப்பாதை. நான் மூன்றாவதில் ஓட்டுகிறேன், குறையில்லை. பில் போடுவது, கார்டு மெஷின் எல்லாம் மிகக் குறைந்த டேட்டாவில் ஓடிவிடும், அவற்றுக்காகக் கவலைப்படத் தேவையில்லை.

அப்புறம் மின்சாரம். கூரைப் பெட்டிக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் போகிறது. அந்த அடாப்டரையும் ரௌட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் சேருங்கள். கேபிள் வெயிலைத் தாங்கும் வெளிப்புற ரகமாக இருக்கட்டும். எர்த்திங்கும் சர்ஜ் பாதுகாப்பும் இல்லாமல் கூரையில் எதையும் மாட்ட விடாதீர்கள்.

சொந்த சர்வர் நடத்துபவர்களுக்கும், ஒரு நிமிடம்கூட அறுபடக் கூடாது என்பவர்களுக்கும் இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் வேறு நிறுவனத்தின் சிம் போட்ட சின்ன ரௌட்டர் ஒன்றையும் வைத்திருக்கிறேன், டவர் படுத்தால் அது தானாக ஏற்றுக்கொள்ளும். புதிதாக வாங்குபவர்கள் சோதனைக் காலம் கேட்டு வாங்கி, ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள், அதுவும் வார இறுதியில் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.