செமினரி மாணவர் மன்றம்: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

எங்கள் சேகரத்திலிருந்து (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) இந்த வருடம் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் போதகர் பயிற்சிக் கல்லூரியான செமினரியில் பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்கப் போகிறார்கள். கிரேக்கு கஷ்டமா, எபிரெயு கஷ்டமா என்று விசாரித்துவிட்டார்கள். மாணவர் மன்றத்தைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் படித்தது, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த ஒரு செமினரியில். பெயர் வேண்டாம். மன்றத்திலும் அதன் குழுக்கள் சிலவற்றிலும் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் இடம் மெஸ் கமிட்டிக்குத்தான். எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை, சாப்பிட்ட நாள் கணக்குப்படி எல்லாரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் மெஸ் செக்ரட்டரி விடியும் முன்பே காய்கறி மார்க்கெட்டுக்குப் போவார். ஸ்டோர் ரூம் சாவி அவரிடம் இருக்கும். மாதக் கடைசியில் அரிசி, எண்ணெய், கேஸ், சமையல் அக்காமார் சம்பளம் என்று கணக்கு முழுவதும் நோட்டீஸ் போர்டில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பில்லைக் கேட்கலாம், கேட்டார்கள்.

கோழிக்குழம்பு விவகாரத்தைச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். ஞாயிறு மதியம் கோழி போடுவது பழைய வழக்கம். ஆனால் பாதி மாணவர்கள் சனிக்கிழமையே வார இறுதி ஊழியத்துக்குக் கிராமச் சபைகளுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது மிச்சம் இருப்பது ரசம். பொதுக்குழுவில் ஒரு முதல் வருடத் தம்பி எழுந்து கேட்டான்: "ஊழியத்துக்குப் போறவனுக்கு ரசம், ரூம்ல இருக்கிறவனுக்குக் கோழியா அண்ணா?" அன்று இரவு வெகு நேரம் பேசினோம். ஞாயிறு கறி இல்லாமல் எப்படி என்று சீனியர்கள் விடவில்லை. கடைசியில் கோழி புதன் இரவுக்கு மாறியது. யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் அந்தக் கூட்டத்தை நடத்தி முடித்த செக்ரட்டரி அண்ணனைப் பார்த்துத்தான் இன்று என் சேகரக் கமிட்டியை நடத்துகிறேன். பணத்தையும் பசியையும் பற்றிச் சபையார் கேள்வி கேட்கும்போது பதறாமல் உட்காரும் பழக்கம் எனக்கு அங்கே வந்தது.

வழிபாட்டுக் குழுவும் நல்ல குழுதான். காலை ஆராதனையை முறை வைத்து நடத்துவோம். பறையும் கிராமிய மெட்டும் ஆராதனையில் கேட்டது எனக்கு அங்கேதான் முதல் தடவை. மதுரை அரசரடி செமினரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா திறந்துவிட்ட வழி அது. விளையாட்டுக் குழுவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வாலிபால் மட்டும் நன்றாக நடக்கும்.

இனி தேர்தல். இதுதான் எனக்கு மனம் நொந்த இடம். தலைவர் பதவிக்கு நிற்கிறவர் எந்தத் திருமண்டலம் (ஒரு பிஷப்பின் கீழ் உள்ள சபைகள்), எந்தச் சாதி என்பது அவர் பேசுவதற்கு முன்பே கணக்காகிவிடும். காலையில், ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கச் சொல்லும் விடுதலை இறையியல் வகுப்பில் உட்கார்ந்த அதே ஆட்கள் இரவில் அறை அறையாகப் போய் ஓட்டை எண்ணுவார்கள். பெண்களுக்கு இணைச் செயலர் பதவி ஒதுக்கிவிட்டு, பொருளாளராக ஒரு அக்கா நிற்கிறேன் என்றால் "அடுத்த வருஷம் பார்ப்போம்மா" என்பார்கள். சபையில் நாம் எதிர்க்க வேண்டியதை விடுதியிலேயே பழகிக்கொள்கிறோம். எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

இன்னொரு குறை, குடும்பக் குடியிருப்பு. கல்யாணமான மாணவர்களின் மனைவிகளுக்கு ஐக்கியக் கூட்டம் உண்டு, மன்றத்தில் வாக்கு இல்லை. தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தோடு நிற்பது அவர்கள்தான், அதைப் பற்றிப் பேச ஆண்கள் போவார்கள்.

எஸ்.சி.எம். (மாணவர் கிறிஸ்தவ இயக்கம்) படிப்பு வட்டத்துக்கு ஆள் குறைவு. அதைப் பார்த்து ஒதுங்காதீர்கள். 1810 ஜூனில் அமெரிக்காவின் ஆண்டோவர் செமினரி மாணவர்கள் சிலர், மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராட்ஃபோர்டில் கூடியிருந்த போதகர்களிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். தங்களை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்ப வழி உண்டா என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பே அவர்களில் சிலர் ரகசியமாகக் கூடி ஜெபித்துப் பேசிவந்தவர்கள். கையெழுத்துப் போட்ட நால்வரில் ஒருவர், பின்னால் பர்மாவுக்குப் போன அதோனிராம் ஜட்சன். அந்த விண்ணப்பத்திலிருந்து பிறந்ததுதான் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம். அதன் மிஷனெரிகள் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள், 1834-ல் மதுரையில் மிஷன் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடங்கள் பலவற்றின் வேர், ஒரு செமினரியின் சின்ன மாணவர் குழுவில் இருக்கிறது. எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர் வந்தாலே கூட்டம் நிறைந்துவிட்டது என்போம். ஆனால் தேர்தலில் சாதி பார்க்கக் கூடாது என்று முதலில் வாய் திறந்து சொன்னது அந்த எட்டுப் பேர்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதல் வருடத்திலேயே மெஸ் கமிட்டிக்குப் பெயர் கொடுங்கள். படிப்பு வட்டத்துக்குப் போங்கள். தலைவர் தேர்தலில் திருமண்டலத்துக்காரர் என்று யாராவது அறைக்கு வந்தால், போன வருட மன்றக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். தங்கைக்குத் தனியாக ஒன்று: இணைச் செயலர் என்றால் வேண்டாம் என்று சொல், பொருளாளருக்கு நில். முன்மொழிய ஆள் வேண்டுமென்றால், குடும்பக் குடியிருப்பு அக்காமாரிடம் முதலில் போய்ப் பேசு. அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு இருக்கிறது.