வேரியபிள் ஸ்பீட் பம்பு வச்சிருக்கீங்களா? குளத்துக்கு சோலார் போடறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

நீச்சல் குளத்துக்கு சோலார் ஹீட்டிங் போடலாம்னு இருக்கறவங்க, அதுவும் ஏற்கனவே வேரியபிள் ஸ்பீட் பம்பு (தேவைக்கு ஏத்த மாதிரி ஸ்பீட ஏத்தி இறக்கற பம்பு) ஓட்டிட்டு இருக்கறவங்க, தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. எனக்கு பம்போட டிரைவ் போர்டு (ஸ்பீட கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் போர்டு) போச்சு, வாரன்டி போச்சு, பாதி சீசன் குளத்துல இறங்கவே முடியல. இன்னும் மனசு ஆறல.

சோலார்காரங்க குடுத்த கொட்டேஷன்ல கூரைக்கு எட்டு கருப்பு பிளாஸ்டிக் பேனல், தண்ணிய மேல திருப்பி விடற மோட்டார் வால்வு, கன்ட்ரோலர், கூரை சூட்டையும் குளத்து சூட்டையும் அதுக்கு சொல்ற ரெண்டு சென்சார், அதுக்கும் கீழ தனி வரில "வேரியபிள் ஸ்பீட் பம்ப் இன்டர்ஃபேஸ்"னு ஒரு ஐட்டம், அதுக்கு தனியா காசு. நான் அப்பவே கேட்டேன், என் பம்பு ஸ்பீட மாத்தி மாத்தி ஓடறது, உங்க கன்ட்ரோலர் அதுகிட்ட பேசுமான்னு. "எந்த பம்பா இருந்தாலும் ஓடும் சார், நீங்க கவலையே படாதீங்க"ன்னாங்க. நம்பிட்டேன்.

இது ஏன் முக்கியம்னு சொல்லிடறேன். சும்மா ஃபில்டர் பண்றதுக்கு என் பம்பு 1400 ஆர்பிஎம்ல ஓடினா போதும், டிஸ்ப்ளேல 130 வாட் கிட்டதான் காட்டும். ஃபுல் ஸ்பீட் 3450ல அதே பம்பு 1350 வாட் இழுக்கும். ஸ்பீட பாதியாக்கினா கரன்ட் பாதியாகாது, கணக்குப்படி எட்டுல ஒரு பங்காயிடும், இந்த பம்ப வாங்கறதே அதுக்குத்தான். ஆனா வெயில் வந்து வால்வு திரும்பினதும் தண்ணி கூரை வரைக்கும் ஏறணும், அதுக்கு 1400 பத்தாது, வெயில் போனதும் திரும்ப 1400க்கு இறங்கணும். இத பம்புக்கு யாராவது சொல்லணும் இல்ல? அதுக்குன்னே பம்பு மூடிக்குள்ள சின்ன டெர்மினல் இருக்கு, கன்ட்ரோலர்லேந்து ரெண்டு மெல்லிசு வயர் வந்து அதுல சேரணும், கன்ட்ரோலர் உள்ள இருக்கற ரிலே (தானா போடற ஸ்விட்ச்) மூடினா பம்பு நாம செட் பண்ணி வச்ச சோலார் ஸ்பீடுக்கு போயிடும். சில பம்புல இதுக்கு ஆர்எஸ் 485ங்கற டேட்டா கேபிள் வரும். வேலை அவ்ளோதான்.

இவங்க பண்ணது என்னன்னா, பம்புக்கு போற மெயின் கரன்ட்டையே கன்ட்ரோலர் ரிலே வழியா எடுத்து, பம்ப ஃபுல் ஸ்பீட்ல செட் பண்ணிட்டு போயிட்டாங்க. வெயில் இருந்தா கரன்ட் வரும், இல்லன்னா கட். அப்ப எனக்கு இது தெரியாது. குளம் நல்லாத்தான் சூடாச்சு, ஆனா சத்தம் காதக் கிழிச்சுது, கரன்ட் பில் எகிறிடுச்சு, மேகமா இருக்கற நாள்ல பம்பே ஓடாம தண்ணி பச்சையாக ஆரம்பிச்சுது.

கம்ப்ளைன்ட் பண்ணேன், ஒரு டெக்னீஷியன் வந்தாரு, கன்ட்ரோலர அப்போதைக்கு ஆட்டோலேந்து மேனுவல் மோடுக்கு மாத்திட்டு ஸ்பீட நேரா 1400க்கு இறக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு என்னைய ரிட்டர்ன் வாய்கிட்ட (தண்ணி திரும்ப குளத்துக்குள்ள வர்ற இடம்) கை வைக்கச் சொன்னாரு. "பாருங்க சார், எவ்ளோ சூடா வருது, முன்னாடி இப்படி வந்துச்சா?" நிஜமாவே சூடா வந்துச்சு, நானும் சந்தோஷப்பட்டு அனுப்பிட்டேன். இந்த இடத்துலதான் எல்லாரும் ஏமாறுவோம். கண்ணாடி மூடாத பேனல்ல தண்ணி மெதுவா போனா பேனல் கொதிக்கும், அந்த சூட காத்துக்குத்தான் குடுக்கும், குளத்துக்கு இல்ல. நிறைய தண்ணி போய் ரெண்டு மூணு டிகிரி மட்டும் ஏறி வர்றதுதான் சரி, கைக்கு பெருசா வித்தியாசமே தெரியக்கூடாது. அந்த வாரம் பூரா நல்ல வெயில், குளத்து தண்ணி ஒரு டிகிரி கூட ஏறல.

அதோட ரிட்டர்ன் வாய்லேந்து குபுகுபுன்னு காத்து குமிழ். ஃபோன்ல கேட்டா "காத்து வர்றது சகஜம் சார்". நானே கூரைல ஏறி ஒவ்வொரு பேனலா தொட்டுப் பாத்தேன். முதல் மூணு ஜில்லுன்னு இருந்துச்சு, நாலாவது வெதுவெதுன்னு, கடைசி நாலுல கை வைக்க முடியல. அங்க தண்ணியே போகல! மேல இருக்கற வேக்யூம் ரிலீஃப் வால்வு உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுத்துட்டே இருந்துச்சு. பம்பு நின்னா பேனல் தண்ணி கீழ வடியணும்னு வைக்கற வால்வு அது, ஓடும்போது அந்த இடத்துல பிரஷர் இருந்தாத்தான் மூடி இருக்கும், ஸ்பீட் கம்மியானா திறந்துக்கும்.

திரும்ப கம்ப்ளைன்ட், திரும்ப ஃபுல் ஸ்பீட். நாலாவது மாசம் பம்பு செத்துடுச்சு. சோலார்காரங்க பம்பு கோளாறுன்னாங்க, பம்பு கம்பெனி ஆளு வந்து வயரிங்க பாத்ததும் வாரன்டி கிடையாதுன்னுட்டாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியல, பம்போட மேனுவல் புக்லயே தெளிவா இருக்கு, பம்புக்கு கரன்ட் எப்பவும் இருக்கணும், நிறுத்தறது ஓட்டறது எல்லாம் பட்டன்லயோ அந்த டெர்மினல்லயோதான் பண்ணணும்னு. ஒவ்வொரு தடவ கரன்ட் வரும்போதும் டிரைவ் உள்ள இருக்கற கெப்பாசிட்டர் (கரன்ட்ட சேத்து வைக்கற பாகம்) ஒரேயடியா கரன்ட்ட இழுக்கும், மேகம் வந்து வந்து போற நாள்ல இது எத்தன தடவ நடந்திருக்கும்னு நினைச்சாலே வயிறு எரியுது.

அப்புறம் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் வந்து மூடிய கழட்டினாரு. "தம்பி, இங்க பாருங்க"ன்னு டார்ச் அடிச்சு காட்டினாரு. கன்ட்ரோல் வயர் உள்ள வர்ற ஓட்டையில கம்பெனில போட்ட ரப்பர் அடைப்பு அப்படியே இருக்கு, ஒரு கீறல் கூட இல்ல. நான் தனியா காசு குடுத்த "இன்டர்ஃபேஸ்" எங்கயுமே இல்ல. கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளயும் இல்ல. குளத்து சென்சாரையும் பைப்புல துளை போட்டு உள்ள விடாம, வெயில் படற பைப்பு மேல டேப்பு சுத்தி ஒட்டியிருந்தாங்க, அது காட்டினது குளத்து சூடே இல்ல.

இது மறதியில நடந்ததுன்னு சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன். மறந்திருந்தா பில்லுல எப்படி வந்துச்சு?

நீங்க போடறதா இருந்தா, கன்ட்ரோலர் பம்புக்கு ஸ்பீட் சிக்னல் குடுக்குமா இல்ல கரன்ட்ட வெட்டுமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, பம்பு மாடல் நம்பரோட. கடைசி பேமென்ட் குடுக்கறதுக்கு முன்னாடி பம்பு டிஸ்ப்ளே முன்னாடி நின்னு, வால்வு திரும்பும்போது நம்பர் ஏறுதா, திரும்பி வரும்போது இறங்குதான்னு உங்க கண்ணால பாருங்க. டிஸ்ப்ளே அணைஞ்சு எரிஞ்சா அன்னைக்கே வேலைய நிறுத்திடுங்க.

புது போர்டு போட்டு அந்த அண்ணனே ரெண்டு வயர் இழுத்து சரி பண்ணி குடுத்தாரு, அரை நாள் வேலை. சோலார் ஸ்பீட நாங்க கண்டுபிடிச்சது இப்படித்தான், முதல்ல ஃபுல்லா வச்சு பேனல்ல இருந்த காத்த வெளிய தள்ளிட்டு, ஐம்பது ஐம்பதா இறக்கிட்டே வந்து குமிழ் ஆரம்பிச்ச இடத்துக்கு கொஞ்சம் மேல நிறுத்தினோம். எனக்கு 2300ல நின்னுச்சு, 450 வாட் கிட்ட. உங்க கூரை உயரத்துக்கு வேற வரும், என் நம்பர அப்படியே போடாதீங்க. எட்டு பேனலும் இப்ப ஒரே மாதிரி ஜில்லுன்னு இருக்கு.

பழைய ரிலே பெட்டிய எடுத்துட்டு போறோம், மாத்தி தர்றோம்னு சோலார்காரங்க இப்ப தினமும் ஃபோன் பண்றாங்க. குடுக்க மாட்டேன். வயர் வெட்டாம அப்படியே கழட்டி ஃபோட்டோவோட எடுத்து வச்சிருக்கேன், பணத்த திருப்பி வாங்க என்கிட்ட இருக்கற ஆதாரமே அதுவும் அந்த பில்லும்தான்.