கருடனா, கடற்கழுகா?

பினாங்குக் கடற்கரையில் பெரிதாக ஏதாவது வட்டமிட்டால் போதும், எங்கள் சித்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவருக்கு எல்லாமே கருடன்தான். பாதி நேரம் அது சரி. மீதி நேரம் அவர் கும்பிடுவது வெள்ளை வயிற்றுக் கடற்கழுகை.

இரண்டுக்கும் தலை வெள்ளை, அதுதான் குழப்பம். கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே எல்லோரும் அண்ணாந்து தேடும் கருடன், அதாவது செம்பருந்து, தலையும் மார்பும் போக மற்ற இடமெல்லாம் செங்கல் நிறம். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கழுகுக்கு வயிறும் வெள்ளை, முதுகு சாம்பல், சிறகு விரிப்பு 2 மீட்டரைத் தொடும்.

ஆனால் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். இரண்டிலும் இளம் பறவைகள் பழுப்புதான். வெயிலுக்கு எதிரே பார்த்தால் எதுவும் கறுப்புதான். வெறும் வானத்தில் அளவும் பிடிபடாது. நான் பார்ப்பது சிறகை. மிதக்கும்போது கழுகு இரண்டு கையையும் உயர்த்தியதுபோல் சிறகை மேல்நோக்கித் தூக்கி வைத்திருக்கும். செம்பருந்து பலகைபோல் நேராக வைத்திருக்கும். அப்புறம் வால்: கழுகுக்குக் குட்டையாக ஆப்புபோல், பருந்துக்கு முனை வட்டமாக விசிறிபோல். வால் கத்தரிக்கோலாய்ப் பிளந்து, ஒல்லியான சிறகு முழங்கைபோல் மடிந்திருந்தால் அது மூன்றாவது ஆள், போர்க்கப்பல் பறவை. கடலையே நம்பி வாழ்ந்தாலும் தண்ணீரில் உட்காராது, இறகு நனைந்துவிடும். மற்ற பறவைகளின் மீனைப் பிடுங்கித் தின்னும் ரவுடி. அதை எதிர்பார்த்து யாரும் கிளம்ப வேண்டாம்.

எங்கே போய்ப் பார்ப்பது? செம்பருந்துக்கு ஜார்ஜ்டவுன் ஃபெரித்துறையே போதும். செத்த மீன் மிதக்கும் இடம் அதற்குப் பிடிக்கும். பிடித்ததைக் காலில் வைத்துக்கொண்டு பறந்தபடியே குனிந்து கொத்தும். கழுகுக்கு 101 பஸ் பிடித்துத் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம்வரை ஏறலாம், வேர்த்துக் கொட்டும். என் ஓட்டு பூங்காவுக்கே.

ஒரு குறை உண்டு: காட்டுப் பாதையில் மரம் வானத்தை மறைத்துவிடும். அங்கே காதுதான் உதவும். பருந்து கைக்குழந்தைபோல் சிணுங்கும். கழுகு வாத்துபோல் ஓங்கிக் கத்தும். மலாய்க்காரர்கள் கழுகை லாங் சிப்புட் என்கிறார்கள். சிப்புட் என்றால் சிப்பி, நத்தை. கடல்நீர் திரும்பும் நேரத்தைச் சிப்பிகளுக்குக் கத்திச் சொல்லும் வேலைக்காரனாம் அது.