போஸ்ட்ஜிஐஎஸ்: வேகம் இருக்கிறது, கேட்கும் விதத்தில் கேட்டால்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருப்பிடத் தேடலுக்கு எதைப் போடுவது என்று கேட்டால் எங்கள் பதில் போஸ்ட்ஜிஐஎஸ்தான். 2001 முதல் வெளிவரும் இலவச நீட்சி இது. ஆனால் குவெரியை (தரவைக் கேட்கும் கட்டளையை) கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டால், எந்த எச்சரிக்கையும் தராமல் டேபிள் முழுவதையும் வரிவரியாகப் படிக்கும். விடை சரியாகவே வரும், மெதுவாக. இதன் பெரிய குறை இந்த மௌனம்தான்.

முதல் வேலை, இருப்பிடப் புலத்துக்கு கிஸ்ட் (GiST) வகை இண்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் சுட்டி, கட்டுவது. ஒவ்வொரு வடிவத்தையும் சுற்றி ஒரு பெட்டி. பெட்டிகளை அடுக்கிய மரம்தான் இண்டெக்ஸ். தேடும்போது முதலில் பெட்டிகளை ஒப்பிட்டுக் கழித்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மட்டும் நுணுக்கமான கணக்குப் போடும். கட்டி முடித்ததும், டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள்.

5 கி.மீ.க்குள் உள்ள மருந்துக்கடைகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில், தூரம் கணக்கிடும் எஸ்டி_டிஸ்டன்ஸ் (ST_Distance) 5000-க்குக் குறைவு என்று எழுதினால் இண்டெக்ஸ் கிடப்பில் கிடக்கும். எல்லாக் கடைக்கும் தூரம் கணக்கிடப்படும். அதையே, இந்தத் தூரத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எஸ்டி_டிவிதின் (ST_DWithin) கொண்டு எழுதுங்கள், இண்டெக்ஸ் வேலைசெய்யும்.

இங்கே அலகும் காலை வாரும். புலம் ஜியாமெட்ரி (தட்டையான தளத்தில் அளக்கும்) வகை, எஸ்ஆர்ஐடி (ஆயமுறையின் எண்) 4326, அதாவது அட்சரேகை-தீர்க்கரேகை, என்றால் 5000 என்பது மீட்டர் அல்ல, 5000 டிகிரி! உலகத்தில் உள்ள கடை எல்லாம் வந்து விழும். மீட்டர் வேண்டுமானால், உருண்டையான பூமியின்மேல் அளக்கும் ஜியாகிரஃபி வகைக்கு மாற்றவேண்டும். அந்த மாற்றத்தைக் குவெரிக்குள் செய்தால் பழைய இண்டெக்ஸ் உதவாது. மாற்றிய வடிவத்தின்மேல் தனியாக ஒரு இண்டெக்ஸ் கட்டவேண்டும். புள்ளியைக் கொடுக்கும்போது தீர்க்கரேகை முதலில்: சென்னை என்றால் 80.27, பிறகு 13.08. மாற்றிக் கொடுத்தால் புள்ளி ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

அருகிலுள்ள 10 கடைகள் போதுமென்றால் ஆரமே வேண்டாம். வரிசைப்படுத்தும் ஆர்டர் பை பகுதியில், தூரத்தைக் குறிக்கும் <-> குறியீடு, கடைசியில் லிமிட் 10. மரத்திலிருந்தே வரிசையாக எடுத்துத் தரும். நமக்கு மிகவும் பிடித்த வசதி இது.

மாவட்ட எல்லை போன்ற பெரிய பலகோணங்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பல ஆயிரம் முனைகள் உள்ள ஒரு எல்லைக்குப் பெட்டியும் பெரிது, ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்து எடுத்து விரிக்கும் செலவும் பெரிது. எஸ்டி_சப்டிவைட் அதைச் சிறு துண்டுகளாக வெட்டித் தரும்; எண் எதுவும் கொடுக்காவிட்டால் துண்டுக்கு அதிகபட்சம் 256 முனைகள். துண்டுகளைத் தனி டேபிளில் வைத்து அதற்கு இண்டெக்ஸ் கட்டுங்கள். வெட்டுக்கோட்டின் மேலேயே விழும் புள்ளி இரண்டு துண்டிலும் சிக்கும், ஆகவே இரட்டிப்பை நீக்கும் டிஸ்டிங்க்ட் மறக்கவேண்டாம்.

சந்தேகம் வந்தால், குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ். பெரிய டேபிளுக்கு எதிரே சீக் ஸ்கேன் (டேபிள் முழுவதையும் வரிவரியாகப் படிப்பது) என்று வந்தால் மேலே சொன்னதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சில நூறு வரிகளே உள்ள டேபிளில் அப்படி வந்தால் விட்டுவிடுங்கள், அங்கே அதுதான் வேகம்.