கூப்பனுக்கு முன்பணம் கட்டுகிறீர்களா? எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 214 பேர். பெரும்பாலும் பெண்கள்; திமிரி, கலவை, சோளிங்கர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஆயுத பூஜைக்குப் பொரி, இனிப்பு, ஓர் எவர்சில்வர் டப்பா கொடுப்பது வழக்கம். எவர்சில்வர் டப்பா இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. 2025இல் புதுமையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நிர்வாகம் ஆசைப்பட்டது. அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வந்த ஆள் சொன்ன திட்டம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் லோகோ போட்ட பனியன், பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் விற்கும் இணையக் கடை ஒன்றை அவர்கள் அமைத்துத் தருவார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் 1,000 ரூபாய்க் கூப்பன் குறியீடு ஒன்று. பிடித்ததை அவரவரே வாங்கிக்கொள்ளலாம். பணம் கம்பெனியுடையது. 2,14,000 ரூபாய் முன்பணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 38,520 என்று பில் வந்தது. கட்டிவிட்டோம்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், தையல் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கும் ஓர் அக்கா கைப்பேசியை நீட்டினார். “தம்பி, பொண்ணுக்குக் காலேஜ் பை பார்த்துவைத்திருந்தேன். இதில் என்னவோ சிவப்பாக வருகிறது, பாருங்கள்.” திரை ஓரம் உடைந்த போன். அதில் ‘இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று இருந்தது. அவர் அதற்குமுன் அந்தக் கடையைத் திறந்ததே இல்லை. சாயங்காலத்துக்குள் இதே புகாரோடு ஏழு பேர் வந்துவிட்டார்கள்.

குறியீடுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கம்பெனிப் பெயரின் மூன்று எழுத்து, அதன்பின் 1001, 1002, 1003 என்று 1214 வரை. கணினியிடம் சொன்னால், யாரும் ஊகிக்க முடியாத எழுத்துக் கலவையாக 214 குறியீடுகளை ஒரு நிமிடத்தில் உருவாக்கித் தரும். அந்த ஒரு நிமிடத்தைக்கூட அவர்கள் செலவிடவில்லை. ஒரு குறியீட்டைப் பார்த்தவன் மீதி எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். எங்கள் ஆள்தானா என்று சரிபார்க்கப் பணியாளர் பட்டியலோடும் இணைக்கவில்லை. பின்னால் கிடைத்த கணக்கில் ஓசூர், திருப்பூர் முகவரிகளுக்கெல்லாம் பை போயிருந்தது. அந்த ஊர்களில் எங்களுக்கு ஒருவரும் இல்லை.

அவர்கள் வைத்திருந்த ஒரே காவல், ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு கூப்பன் என்பது. அந்தக் காவலும் எங்கள் ஆட்களைத்தான் தடுத்தது. மாமியாரும் மருமகளும் இங்கேயே வேலை செய்யும் வீடுகள் உண்டு. வீட்டுக்கு ஒரு போன். முதலில் வாங்கியவருக்குக் கிடைத்தது, இரண்டாமவருக்கு இல்லை.

விலையும் அப்படியே. எங்களிடம் காட்டிய பட்டியலில் 450 ரூபாய் பனியன், கடையில் 799. அனுப்பும் செலவு 90 ரூபாய் தனி. கூப்பனில் அது சேராதாம். கம்பெனி கொடுத்த பரிசு என்று நம்பிப் போனவர்கள் கைக்காசு போட்டார்கள். 799க்குப் பனியன் வாங்கினால் மீதி 201 ரூபாய் என்ன ஆகும் என்று கேட்டேன். “அது தள்ளுபடிக் குறியீடு சார், பரிசு அட்டை இல்லை. ஒருமுறை போட்டதும் முடிந்தது” என்றார்கள். இந்த வித்தியாசம் அன்றுவரை எனக்குத் தெரியாது. பரிசு அட்டையில் மீதி அடுத்த முறைக்கு நிற்கும். தள்ளுபடிக் குறியீட்டில் மீதி செத்துப்போகும். கடைக்காரர் தன் லாபத்தில் தள்ளுபடி கொடுத்தால் அது செத்தால் நமக்கென்ன? ஆனால் இங்கே அந்த 201 ரூபாயையும் நாங்கள் முன்கூட்டியே கட்டியிருக்கிறோம்.

மூன்று வாரம் கேட்டுக் கேட்டு வாங்கிய எக்செல் தாளில் 131 குறியீடுகள் பயன்பட்டிருந்தன, அதில் 19 வெளியாட்களுடையவை. உண்மையில் கொடுத்த தள்ளுபடி மொத்தம் 1,06,400 ரூபாய். மீதி 1,07,600 ரூபாய் அவர்களிடமே தங்கிவிட்டது. ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் ‘வழங்கப்பட்ட குறியீடுகளின் மதிப்பு திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதன்கீழ் என் கையெழுத்து.

ஜிஎஸ்டி மட்டும் ஆடிட்டர் புண்ணியத்தில் திரும்பியது. கூப்பன் பரிவர்த்தனை பொருள் வழங்கலும் இல்லை, சேவை வழங்கலும் இல்லை என்று 2024 டிசம்பர் 31 அன்று மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையே விட்டிருக்கிறதாம். பொருள் விற்கும்போது அந்தப் பொருளுக்கு வரி போடலாம், கடை அமைத்துக் கொடுத்த கட்டணத்துக்குப் போடலாம். கூப்பன் மதிப்பின் மேலேயே எப்படிப் போட்டார்கள் என்று கேட்டார். விற்ற பனியனுக்கு வேறு 5 சதவீதம் வாங்கியிருந்தார்கள். கடிதம் போனதும் 38,520க்குக் கிரெடிட் நோட் வந்தது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று வேலூரில் வழக்கறிஞரைப் பார்த்தோம். (ராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது, ஆனால் வக்கீலுக்கும் டாக்டருக்கும் எங்களுக்கு இன்னும் வேலூர்தான்.) வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே ஏற்பதில்லை, எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்றார். இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு யோசனை ஓடினால், குறியீடு கொடுத்ததற்குப் பணம் கட்டாதீர்கள். பயன்பட்டதற்கு மட்டும், பயன்பட்ட தொகைக்கு மட்டும், மாதக் கடைசியில் பில் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பாதவர் உங்கள் மீதிப் பணத்தை வைத்துத்தான் பிழைக்கிறார் என்று அர்த்தம். எந்தக் குறியீடு, யாரால், என்று, எவ்வளவுக்கு என்பதை நீங்களே நேரடியாகப் பார்க்கும் வசதி முதல் நாளே கையில் இருக்க வேண்டும். அறிவிப்பதற்கு முன் உங்கள் போனிலேயே ஒன்றை வாங்கிப் பாருங்கள். அதே குறியீட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். கடைசி எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். “நாங்களே சோதித்துவிட்டோம் சார்” என்றார்கள், நானும் நம்பினேன்.

விடுபட்டவர்களுக்கு வேலூர் லாங் பஜாரில் மொத்த விலைக்குப் பை வாங்கிக் கொடுத்தோம். அந்த அக்கா நீல நிறப் பையை எடுத்துக்கொண்டு, ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தையல் பரவாயில்லை என்றார்.

கடையை மூடச் சொல்லி எழுதி ஒரு மாதமாகிறது. இன்று காலைகூடப் பார்த்தேன். எங்கள் லோகோ போட்ட பனியன் அங்கே 799 ரூபாய்க்குத் தொங்குகிறது.